ஒற்றை மருந்துக் கட்சியும் இரட்டை மருந்துக் கட்சியும்

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழ் இளம் மருத்துவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றுச் சும்மா இருக்கிற என்னையும் அதில் இழுத்துப் போட்டுவிட்டு, "மேடம், எங்களுக்கு வழிகாட்டுற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்று கேட்டார்கள். வழி காட்டுகிற அளவுக்கு எனக்கு வழி தெரியாது. கதை ஒன்று தெரியும், சொல்கிறேன். முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன், இது வயிற்றுப்போக்கைப் பற்றிய கதை. சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள். மண்டையைத் திறந்து உயிரைக் காப்பாற்றிய கதை வேண்டுமென்றால் நரம்பியல் அறுவைக்காரர்களைக் கேளுங்கள். பொது மருத்துவராக இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் அதிகம் பார்த்தது மலம்தான்.

உங்களுக்கே தெரியும், இங்கே எந்த மெடிக்கல் ஷாப் முன்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு மாத்திரை அட்டை கைக்கு வந்துவிடும். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. ஒன்று பாக்டீரியாவைக் கொல்ல, இன்னொன்று அமீபாவைக் கொல்ல. உள்ளே இருப்பது யார் என்று தெரியாது; தெரிந்துகொள்ளப் பொறுமையும் கிடையாது. அதனால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் சுட்டுவிடுவது என்கிற ஏற்பாடு. பெரும்பாலான வயிற்றுப்போக்கு வைரஸால் வருவது, அதற்கு இரண்டு குண்டுமே படாது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மூன்று நாள் வீட்டில் கிடந்தால் தானாகவே போய்விடும். ஆனால் தானாகப் போனதற்கு யாராவது பேர் வாங்க வேண்டுமே, அந்தப் பேரை மாத்திரை வாங்கிக்கொள்ளும்.

உப்பல் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இந்த விஷயத்துக்காக இரண்டு கட்சிகள் இருந்தன. இரட்டை மருந்துக் கட்சிக்குத் தலைவர் எங்கள் குடல் நிபுணர். உயரமானவர், அழகான கையெழுத்து, தெலுங்கில் நன்றாகத் திட்டுவார். வார்டுக்குள் நுழையும்போதே யார் யாருக்கு என்ன மருந்து என்று முடிவு பண்ணிக்கொண்டு வருகிற வேகம். "நோயாளி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டான் மேடம். இனிமே போய் எந்தக் கிருமின்னு பஞ்சாங்கம் பார்த்துட்டு உட்கார முடியாது. ரெண்டையும் சேர்த்து அடிச்சிடுவோம்" என்பது அவர் கட்சி.

ஒற்றை மருந்துக் கட்சிக்குத் தலைவி நான். மருந்து வேண்டாம் என்றால் வேண்டாம். வேண்டுமென்றால், எதற்கு என்று யோசித்து ஒன்றே ஒன்று. இரண்டாவது மருந்தால் கூடுதலாகக் கிடைப்பது குமட்டலும் நாக்கில் இரும்புக் கசப்பும்தான் என்று எல்லாக் கூட்டத்திலும் எழுந்து நின்று பேசுவேன். மதியக் கருத்தரங்கில் ஒரு நாள் இரண்டு பேரையும் மேடையேற்றி விவாதம் வைத்தார்கள். அவர் படம் போட்டுக் காட்டினார், நானும் காட்டினேன். அவர் மேற்கோள் காட்டிய கட்டுரைகளை நான் கிழித்தேன், என்னுடையதை அவர் கிழித்தார். கேட்க வந்தவர்கள் பிரியாணி வந்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நர்சுகள் அவருக்கு "டபுள் சார்" என்றும் எனக்கு "சிங்கிள் மேடம்" என்றும் பேர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்குக் காஞ்சன்பாக் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரை அழைத்துப் போயிருந்தேன். ஒரு சின்ன நர்ஸ் அவரிடமே வந்து, "சிங்கிள் மேடத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றார் அவர். வீடு வந்து சேரும்வரை அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்படிச் சண்டை சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விமலா வந்தார்.

விமலா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டிய வயது. வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். சமீபத்தில்தான் உப்பலில் ஃபிளாட் வாங்கிக் குடி வந்திருந்தார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டதால், முப்பது வயதில் அவருக்கு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் ஆயுசுக்கும் வார்ஃபரின் சாப்பிட வேண்டும். ரத்தம் உறைந்து வால்வில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை அது. விமலா ஒரு நாள்கூட அதை விட்டதில்லை. கணக்கு டீச்சர் இல்லையா.

கொண்டாப்பூரில் கொழுந்தன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே சாப்பிட்ட பாதிப் பேருக்கு வயிற்றால் போயிருக்கிறது. விமலாவின் கணவர் தாமு, நல்ல மனிதர், ஓடிப்போய் மெடிக்கல் ஷாப்பில் அந்த இரட்டை மாத்திரையை வாங்கிக் கொடுத்தார். மறுநாளே போக்கு குறைந்துவிட்டது. அதே மாத்திரையைச் சாப்பிட்ட மற்ற விருந்தாளிகள் பாதி அட்டையிலேயே நிறுத்திவிட்டார்கள். விமலா நிறுத்தவில்லை. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் முழுசாக முடிக்க வேண்டும் என்று நாம்தானே ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ஒழுங்காக முடித்தார். ஒழுங்காக வார்ஃபரினும் சாப்பிட்டார். அட்டை காலியாகிற சமயத்தில் மலத்தில் ரத்தம் வந்தது.

காலையில் டபுள் சாருடைய பெயரில் வார்டில் சேர்த்தார்கள். வால்வு நோயாளி என்பதால் பொது மருத்துவர் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் விமலா.

"ரத்தம் வந்துடுச்சு. அப்போ மாத்திரை பத்தலை. ஊசி ஒண்ணு சேர்க்கிறேன்" என்றார்.

"ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இது மூணாவது. கிருமியைக் கொல்றீங்களா, ஊர்வலம் நடத்துறீங்களா?" என்றேன்.

"சீதபேதி மேடம். கண்ணால பார்க்கிறேன்."

"சீதபேதின்னா பழைய மருந்து ரெண்டையும் நிறுத்துங்க. அது இப்போ பாதிக் கிருமிக்கு வேலை செய்யறதில்ல. ஒரே ஒரு மருந்து, நான் சொல்றதைக் கொடுங்க."

"உங்களுக்கு ஒண்ணுக்கு மேல எண்ணத் தெரியாதா?"

"உங்களுக்கு ரெண்டுக்குக் கீழ எண்ணத் தெரியாதா?"

சண்டை பாதி ஆங்கிலத்திலும் பாதி தெலுங்கிலும் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். நோயாளிக்குப் புரியாது என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்திருக்க வேண்டும். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாக வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

"டாக்டர், உங்க சண்டை முடிஞ்சா சொல்லுங்க. மூக்குலேர்ந்து ரத்தம் வருது."

முந்தானை சிவந்திருந்தது.

இங்கே நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு என்னென்னவோ செய்யத் தெரியும். மூக்கில் ரத்தம் வரவழைக்க அதற்குத் தெரியாது. குடலில் புண் போடுகிற கிருமி மூக்கு வரைக்கும் ஏறி வருவதில்லை. நான் டபுள் சாரைப் பார்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

"விமலா, எத்தனை தடவை போச்சு இன்னைக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டே தடவைதான். போக்கெல்லாம் எப்பவோ நின்னுடுச்சு டாக்டர். ரத்தம்தான் வருது."

"காய்ச்சல்? வயித்துல முறுக்கு?"

"ஒண்ணுமில்ல. காலையில பல் தேய்க்கும்போது வாயெல்லாம் ரத்தம். அது பிரஷ் புதுசு, அதனாலன்னு இவரு சொன்னாரு."

தாமு கட்டில் காலடியில் நின்று தலையசைத்தார். விமலாவின் கையைத் திருப்பிப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை கட்டிய இடத்தில் நாவல்பழத்தை நசுக்கியது மாதிரி ஒரு கறை.

வால்வு இருப்பது எல்லோருக்கும் தெரியும். வார்ஃபரின் சாப்பிடுவதும் எல்லோருக்கும் தெரியும். அன்று மாலை கொடுக்க வேண்டும் என்று மருந்துப் பட்டியலில் அழகான கையெழுத்தில் எழுதிக்கூட இருந்தது. அந்த இரட்டை மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்துமே வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும் என்பதும் இரண்டாம் வருஷ மாணவனுக்குத் தெரியும். அதோடு சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால் இன்னும் ஏறும். இத்தனையும் தெரிந்த இரண்டு பேர்தான் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒன்றா இரண்டா என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தோம். விமலா சாப்பிட்டுக்கொண்டிருந்தது முதலிலிருந்தே மூன்று மருந்து. மூன்றாவதை இரண்டு கட்சியும் எண்ணவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டபுள் சார் சேர்க்கப் பார்த்த ஊசியும் அதே வேலையைத்தான் செய்திருக்கும். நான் பெருமையாகச் சொன்ன அந்த ஒற்றை மருந்தும் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

"ஐ.என்.ஆர். அனுப்புங்க, உடனே" என்றேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் பரிசோதனை அது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு மூன்றை ஒட்டி இருந்தால் நிம்மதி.

ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. "மேடம், மெஷின்ல ரீடிங் வரலை. சாம்பிள்ல ஏதோ பிரச்சனை. திருப்பி எடுத்து அனுப்புங்க."

திருப்பி அனுப்பினோம். திரும்பவும் போன். "இதுவும் வரலை மேடம். மெஷின் எண்ணுற அளவைத் தாண்டிடுச்சுன்னு நினைக்கிறேன்."

ரத்தம் கிட்டத்தட்ட தண்ணீர். இனி உண்மையான பிரச்சனை. உங்கள் புத்தகத்தில் இதற்கு விடை ஒரே வரியில் இருக்கும்: வார்ஃபரினை முறிக்க வைட்டமின் கே கொடு. சாதாரண நோயாளியாக இருந்தால் நானும் பெரிய டோஸாக ஊசியில் ஏற்றிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன். விமலாவுக்கு அப்படிச் செய்தால் ரத்தம் முழு வேகத்தில் உறையும். உறைந்தால் முதலில் போய் உட்காரும் இடம் அந்த உலோக வால்வு. கொடுக்காவிட்டால் ரத்தம் போயே சாவார். அதிகமாகக் கொடுத்தால் வால்வு அடைத்துச் சாவார்.

இதய நிபுணரைப் போனில் பிடித்தேன். அவர் வேறு ஆஸ்பத்திரியில் ஏதோ அறுவை அரங்கிலிருந்து பேசினார். "கொஞ்சமா கொடுங்க. பிளாஸ்மா ஏத்துங்க. ஆனா முழுசா உறைய வெச்சிட்டு வால்வு நின்னுபோச்சுன்னு எனக்கு போன் பண்ணாதீங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

"நோயாளி உங்க முன்னாடி இருக்காங்க, என் முன்னாடி இல்ல" என்று வைத்துவிட்டார். நிபுணர்களின் உதவி இப்படித்தான் கிடைக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

டபுள் சார் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "பெரிய டோஸா கொடுத்துடலாம் மேடம். ரத்தம் கண்ணுக்குத் தெரியுது. வால்வு அடைப்பு வருமோ வராதோ."

"வந்தா?"

அவர் திரும்பி வார்டுக்குள் விமலாவைப் பார்த்தார். நானும் சண்டை போடவில்லை. விமலாவின் நாடி வேகமாக ஓடினாலும் நிதானம் கெடவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது, மண்டைக்குள் ரத்தக்கசிவு இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அவரிடம் அவகாசம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அவகாசம் இருக்கும்போது வார்ஃபரினின் வேலையை முழுதாக முறிக்க வேண்டாம். எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தினேன், வார்ஃபரினை நிறுத்தினேன். வைட்டமின் கே சின்ன அளவு, வாய் வழியாக. ரத்த வங்கியிலிருந்து, ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் இருக்கும் பிளாஸ்மா. பிறகு காத்திருப்பது.

இந்தக் காத்திருப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. மருந்து எழுதுவது சுலபம், கை வேலை செய்கிறது, மனசு அடங்குகிறது. எழுதாமல் நிற்கும்போதுதான் சுற்றியிருக்கிற எல்லோரும் உங்களைக் கையாலாகாதவர் என்று பார்ப்பார்கள். பாதி நேரம் நீங்களே அப்படித்தான் பார்ப்பீர்கள்.

மத்தியானம் விமலாவுக்கு மறுபடியும் ரத்தமாகப் போனது, முன்பைவிட அதிகம். கழிவுத் தட்டை மறைத்துக்கொண்டு நர்ஸ் வெளியே வந்தபோது தாமு பார்த்துவிட்டார். சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் டாக்டர் அந்த மாத்திரையை வாங்கிட்டு வந்து கொடுத்தேன். ரெண்டு மருந்து இருக்கு, ஸ்ட்ராங்குன்னு கடைக்காரன் சொன்னான். சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன்."

"எழுந்திருங்க, அவங்க உங்களைத்தான் தேடுவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதே நேரம் பார்த்து கொண்டாப்பூர் கொழுந்தன் கணேஷ் வந்து சேர்ந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் போன். போனின் அந்தப் பக்கம் அமெரிக்காவில் இருக்கும் யாரோ ஒரு டாக்டர் நண்பர்.

"என்ன ஆன்டிபயாடிக் போயிட்டிருக்குன்னு கேக்குறான் மேடம்."

"ஒண்ணும் போகல."

"ஒண்ணுமே இல்லையா? ரத்தமா போறாங்க, ஆன்டிபயாடிக்கே இல்லாம சும்மா வெச்சிருக்கீங்களா?" குரல் உயர்ந்தது. "நான் ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறோம்."

சட்டென்று கோபம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "தாராளமா மாத்துங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா பிளாஸ்மா இப்பத்தான் ஏறிட்டிருக்கு. இந்த டிராஃபிக்ல வண்டிக்குள்ள மறுபடியும் இப்படிப் போனா, கூட உட்கார்ந்து பார்க்கிறது யாருன்னு உங்க ஃபிரண்டைக் கேட்டுச் சொல்லுங்க."

கணேஷ் அடுத்து டபுள் சாரிடம் திரும்பினார். அட்மிஷன் அவர் பேரில்தானே. "சார், நீங்க சொல்லுங்க. இவங்க சொல்றது சரியா?"

இத்தனை வருஷச் சண்டைக்கும் கணக்குத் தீர்க்க அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வரப்போவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர் சொன்ன பெரிய டோஸும் எனக்கு மறந்துபோகவில்லை.

"மேடம் சொல்றதுதான் என்னோட கருத்தும்" என்றார் அவர். "கிருமி எப்பவோ போயிடுச்சு. இப்ப இருக்கிறது மருந்தோட தொந்தரவு. இதுக்கு மேல மருந்து கூடாது."

கணேஷ் என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தார். விமலா மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

"நக்கோ கணேஷ், வேண்டாம்" என்றார். "ஆம்புலன்ஸ் நக்கோ. இப்பத்தான் இவங்க ரெண்டு பேரும் ஒரே விடை சொல்றாங்க. இப்ப ஸ்கூல் மாத்தச் சொல்றியா?"

கணேஷ் போனை அணைத்துவிட்டு அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. காபி வாங்கிக்கொண்டு வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

வெளியே வந்ததும் டபுள் சார் குரலைத் தாழ்த்தி, "நிச்சயமா தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது."

இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். அவருக்கு வெளிநோயாளிகள் காத்திருந்தார்கள், அவர் போகவில்லை. உலோக வால்வு மூடித் திறக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்; மெலிந்த உடம்பாக இருந்தால் ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே கேட்கும். ரத்தக்கட்டி ஒட்ட ஆரம்பித்தால் அந்தச் சத்தம் துணி சுற்றியது மாதிரி மங்கிவிடும். நான் அவ்வப்போது எழுந்து போய் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். நான் கேட்டதும் அவரும் வந்து கேட்டார். குடல் நிபுணர் ஒருவர் இதயத்தின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் கேக்குது, இல்ல?" என்றார்.

"நல்லா கேக்குது."

"எனக்கு ராத்திரி பகல்னு பதினஞ்சு வருஷமா கேக்குது" என்றார் விமலா கண்ணை மூடியபடியே. "எதுக்கு இத்தனை தடவை? வேணும்னா ரெக்கார்ட் பண்ணி அனுப்புறேன்."

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பெரிய சபலத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அடுத்த வைட்டமின் கே டோஸை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கொடுத்துவிட்டால் ரத்தம் நிற்கும். நின்றுவிட்டால் தாமு அழமாட்டார், கணேஷ் திட்டமாட்டார், நான் வீட்டுக்குப் போகலாம். வால்வு அடைப்பு வந்தால் அது நாலு நாள் கழித்து வரும். அப்போது அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது, என்னைத் தவிர. இந்த மாதிரிச் சபலம் உங்களுக்கும் வரும். அது கெட்ட எண்ணமாக வராது, நல்ல வைத்தியத்தின் முகத்தோடுதான் வரும். பிளாஸ்மா முழுசாக ஏறட்டும், திரும்ப ஒரு பரிசோதனை பார்ப்போம், அதற்கு முன்னால் இந்த டோஸைத் தொடமாட்டேன் என்று டபுள் சாரின் காதில் விழும்படி சொன்னேன். ஒருவர் காதில் விழும்படி சொல்லிவிட்டால் மீறுவது கொஞ்சம் கஷ்டம்.

பிளாஸ்மா ஏறி முடிந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினோம். ஆய்வகத்திலிருந்து போன் வந்தபோது டபுள் சார்தான் எடுத்தார். கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெஷின் எண்ணிடுச்சு" என்றார். "இன்னும் அதிகம்தான். ஆனா எண்ணிடுச்சு."

எந்தப் பரிசோதனை முடிவும் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. கையில் வைத்திருந்த டோஸை நர்சிடம் திருப்பிக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் மூக்கில் வைத்த பஞ்சு வெள்ளையாகவே வெளியே வந்தது. மறுநாள் மலத்தில் ரத்தம் கறுத்துக் குறைந்தது. அதற்கடுத்த நாள் இல்லை. எண் மெல்ல இறங்கித் தன் இடத்துக்கு வந்தது, வார்ஃபரினைக் கவனமாகத் திரும்ப ஆரம்பித்தோம். வால்வு சத்தம் கடைசிவரை சுத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சேர்த்த அன்று அனுப்பியிருந்த, மலத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவு ஒரு வழியாக வந்தது. எதுவுமே வளரவில்லை. அத்தனை மருந்துக்குப் பிறகு என்ன வளரும்? முதலில் அங்கே இருந்தது பாக்டீரியாவா, அமீபாவா, இரண்டுமே இல்லாத வெறும் வைரஸா என்பது இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒற்றை மருந்து கொடுத்திருக்க வேண்டுமா, இரட்டையா என்று எங்கள் கட்சிகள் கேட்ட கேள்விக்கு விமலா பதில் சொல்லவே இல்லை.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த மெடிக்கல் ஷாப் இரட்டை மாத்திரையைக் கண்டால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். இரண்டு மருந்து தேவைப்பட்ட நோயாளிகளுக்கு இரண்டும் கொடுத்திருக்கிறேன். கட்சிக் கௌரவத்துக்காக ஒருத்தரைச் சாகவிட முடியாது. ஆனால் விமலாவுக்குப் பிறகு, வயிற்றால் போகிறது என்று யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில், "தினமும் வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றுதான் கேட்பேன். சர்க்கரைக்கா, வலிப்புக்கா, இதயத்துக்கா, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததா. நீங்கள் எழுதப்போகும் மருந்து காலி வயிற்றுக்குள் போகப்போவதில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதோடு உங்கள் மருந்து எப்படிப் பழகும் என்று தெரியாவிட்டால், ஒன்று கொடுத்தாலும் தப்பு, இரண்டு கொடுத்தாலும் தப்பு.

விமலாவை வீட்டுக்கு அனுப்புகிற அன்று டபுள் சாரும் நானும் ஒரே நேரத்தில் வார்டுக்குள் போனோம். தாமு பையைக் கட்டி வைத்துவிட்டு நின்றார். விமலா வெளிறித்தான் இருந்தார், ஆனால் தலை வாரிப் பொட்டு வைத்து, விடைத்தாள் திருத்தப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு டவுட் டாக்டர்" என்றார். "இனிமே வயித்தால போனா நான் என்ன சாப்பிடணும்?"

நான் வாயைத் திறந்தேன். அதே நொடியில் டபுள் சாரும் வாயைத் திறந்தார்.

விமலா கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினார். டபுள் சாருக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலேயே சொன்னார்:

"ஒருத்தர் மட்டும் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா எனக்கு ஒத்துக்காது."